ஒத்துப்போகாத இரண்டு போலீஸ்: ஆக்‌ஷன் காமெடியின் உள்கட்டு

1987-இல் வந்த 'லெத்தல் வெப்பன்' படத்தில் ஒரு மொட்டைமாடிக் காட்சி. குதித்துச் சாகப்போவதாகச் சொல்லி ஒருவன் விளிம்பில் நிற்கிறான். பேசி இறக்குவதற்காக ரிக்ஸ் என்ற போலீஸ்காரன் மேலே போகிறான். அவனோடு புதிதாக ஜோடி சேர்க்கப்பட்ட மூத்த அதிகாரி மர்ட்டா கீழே தெருவில் காத்திருக்கிறார். ஆறுதல் சொல்லி, நேரம் கடத்தி, மெல்ல நகர்த்திக் கூட்டிவருவதுதான் இதற்கென்று இருக்கும் முறை. ரிக்ஸோ அந்த ஆளின் கையையும் தன் கையையும் ஒரே விலங்கில் பூட்டுகிறான். பிறகு அவனையும் இழுத்துக்கொண்டு தானே குதித்துவிடுகிறான். கீழே ஏர்பேக் விரித்திருக்கிறது, இருவரும் பிழைக்கிறார்கள். கொடுத்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் மர்ட்டாவுக்குத் தலை சுற்றுகிறது.

பார்க்கிறவர்களுக்கு இங்கே சிரிப்பும் வருகிறது, வயிற்றில் ஒரு பயமும் வருகிறது. இரண்டும் ஒரே செயலிலிருந்து பிறப்பதுதான் விஷயம். ரிக்ஸ் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. வேலையைத் தன் வழியில் செய்தான், அவ்வளவுதான். மனைவியை இழந்து, உயிர்மேல் பிடிப்பில்லாமல் இருப்பவனுக்கு உயரம் ஒரு தடையே அல்ல. ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடியிருக்கும், வீட்டில் மனைவி மக்கள் காத்திருக்கும் மனிதருக்கு அந்த வழி தோன்றவே தோன்றாது. ஜோடி போலீஸ் படங்களைப் பற்றிப் பேசும்போது 'ஒருத்தர் சீரியஸ், ஒருத்தர் கலகலப்பு' என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்தச் சூத்திரத்தை நம்பி எழுதிய திரைக்கதைகள்தான் அதிகம் சொதப்புகின்றன. வேறுபாடு சுபாவத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஒரே பிரச்சினையை இருவரும் இரண்டு விதமாகத் தீர்க்கப் போகவேண்டும். அப்போதுதான் சண்டைக் காட்சி வந்ததும் காமெடி ஒதுங்கி நிற்காமல் சண்டைக்குள்ளேயே தொடரும்.

இந்த வகையின் வேர்களைத் தேடினால் முதலில் கிடைப்பவை காமெடியே இல்லாத படங்கள். அகிரா குரோசவாவின் 'ஸ்ட்ரே டாக்' 1949-இல் வந்தது. போருக்குப் பிந்தைய டோக்கியோ, கொளுத்தும் கோடை. நெரிசலில் முரகாமி என்ற இளம் துப்பறிவாளனின் கோல்ட் (Colt) ரகத் துப்பாக்கி திருடுபோகிறது. உள்ளே ஏழு தோட்டாக்கள். ஒவ்வொரு தோட்டா வெடிக்கும்போதும் அவன் குற்ற உணர்வில் வெந்துபோகிறான். அவனுக்குத் துணையாக வரும் சாத்தோ அனுபவசாலி, பதற்றப்படாதவர். விசாரணை அறையில் சந்தேகத்துக்குரிய பெண்ணோடு ஐஸ் சாப்பிட்டபடி சிரித்துப் பேசியே வேண்டியதைக் கறந்துவிடுகிறார். முரகாமிக்கு அந்தப் பொறுமை இல்லை. தொஷிரோ மிஃபுனேவும் தகாஷி ஷிமுராவும் நடித்த இந்த ஜோடியில் 'ஒரே வேலை, இரண்டு வழி' என்ற அடிப்படை முழுமையாகவே இருக்கிறது.

அடுத்த படி 1967-இல் நார்மன் ஜூவிசன் இயக்கிய 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. மிசிசிப்பியின் சிற்றூர் ஒன்றில் ஒரு கொலை. ரயிலுக்காகக் காத்திருந்த கறுப்பினத்தவர் என்பதற்காகவே டிப்ஸ் என்பவரைப் பிடித்து வருகிறார்கள். அவரோ பிலடெல்பியாவின் கொலைப் பிரிவு அதிகாரி. வாரச் சம்பளம் 162 டாலர் 39 சென்ட் என்று அவர் சொன்னதும் ஊர் போலீஸ் தலைவர் கில்லெஸ்பிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கையில் சிக்கியவன்தான் குற்றவாளி என்பது கில்லெஸ்பியின் வழி. பிணத்தைத் தொட்டுப் பார்த்து, அடி விழுந்த பக்கத்தைக் கணித்து, பிடிபட்டவன் இடதுகைக்காரன், கொன்றவன் வலதுகைக்காரன் என்று காட்டுவது டிப்ஸின் வழி. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கிய இந்தப் படத்தில் நிறவெறிதான் மோதலின் எரிபொருள். ஆனால் மோதல் வெளிப்படுவது துப்புத் துலக்கும் முறையில். பின்னால் வந்த எத்தனையோ கறுப்பு-வெள்ளை ஜோடிப் படங்கள் தோலின் நிறத்தை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு, முறையில் இருந்த வேறுபாட்டை விட்டுவிட்டன.

சிரிப்பைச் சேர்த்தது 1974-இல் வந்த 'ஃப்ரீபி அண்ட் தி பீன்'. சான் பிரான்சிஸ்கோ மேம்பாலத்திலிருந்து போலீஸ் கார் பறந்துபோய் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் செருகிக்கொள்கிறது. உள்ளே படுக்கையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் வயதான தம்பதி. காரிலிருந்து இறங்கியவர் செய்யும் அடுத்த வேலை, அந்த வீட்டுத் தொலைபேசியில் இழுவை வண்டியைக் கூப்பிடுவது. பெரிய சேதத்துக்குப் பின் சின்னதாக ஒரு அன்றாடக் காரியம்: ஆக்‌ஷன் காமெடியின் அடிப்படைத் தாளம் இதுதான். கார் பறப்பதற்குச் செலவு அதிகம். தொலைபேசிக்குச் செலவே இல்லை. சிரிப்பு வருவது தொலைபேசிக்குத்தான். ஆனால் கார் நிஜமாகப் பறந்திருக்காவிட்டால் அதுவும் வராது.

இந்தச் சரக்கையெல்லாம் ஒரே இறுக்கமான கதையாகக் கட்டியது 1982-இல் வால்டர் ஹில் இயக்கிய '48 ஹவர்ஸ்'. கேட்ஸ் போலீஸ், ரெஜி சிறைக்கைதி. 48 மணி நேர விடுப்பில் ரெஜியை வெளியே எடுக்கிறார் கேட்ஸ். தலைப்பிலேயே கடிகாரம் ஓடுகிறது. ரெஜிக்கோ மறைத்து வைத்த 5 லட்சம் டாலர் மேல் கண். ஆக, இருவருக்கும் சேர்ந்தே இருந்தாக வேண்டிய கட்டாயம். இருவர் விரும்புவதும் வேறு. எடி மர்ஃபிக்கு இதுதான் முதல் படம், வயது 21. வெள்ளையர்கள் மட்டுமே நிறைந்த மதுக்கூடத்துக்குள் கேட்ஸின் பேட்ஜை வாங்கிக்கொண்டு அவர் நுழையும் காட்சியை இன்றைக்கும் திரைக்கதை வகுப்புகளில் பிரித்துப் பார்க்கலாம். சிறையிலிருந்து வந்தவன் ஐந்து நிமிடம் போலீஸாக இருக்கிறான். போலீஸ்காரர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார். அதிகாரம் கைமாறுகிறது. அதுவரை கேட்ஸ் தன்னை அதட்டிய அதே தோரணையை ரெஜி அப்படியே எடுத்து வீசுகிறான். போலீஸ் தோரணை என்பது எவ்வளவு தூரம் வெறும் நடிப்பு என்று காட்டிவிடுகிறது அந்தக் காட்சி. கேட்ஸ் பேசும் நிறவெறிச் சொற்களுக்குப் படம் கொடுக்கும் பதிலும் அதுதான். தனியாக ஒரு வசனம் தேவைப்படவில்லை.

ஏன் போலீஸ்? நண்பர்கள் பிடிக்கவில்லை என்றால் பிரிந்துவிடலாம். சகோதரர்கள்கூட வேறு ஊருக்குப் போய்விடலாம். போலீஸ் ஜோடியை மேலதிகாரி போடுகிறார். மறுத்தால் வேலை போகும். ரோந்துக் கார் என்ற நாலு கதவுள்ள பெட்டிக்குள் எட்டு மணி நேரம் தோளோடு தோள் உட்கார்ந்தாக வேண்டும். நிஜத்தில் இருவர் ரோந்து என்பது பாதுகாப்புக்கான ஏற்பாடு: ஒருவர் பேசும்போது மற்றவர் சுற்றுப்புறத்தைக் கவனிப்பார். பிடிக்காத ஆளிடம்தான் உயிரை ஒப்படைத்திருக்கிறோம் என்ற நிலை கதைக்கு இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. அதனால்தான் ஒருவருக்குப் பதில் நாயை வைத்தாலும் கட்டமைப்பு கலையவில்லை. 'கே-9', 'டர்னர் அண்ட் ஹூச்' என இரண்டு படங்கள் 1989 என்ற ஒரே ஆண்டில் வந்து அதை நிரூபித்தன.

நம் காமெடி டிராக் மரபிலிருந்து இது விலகும் இடத்தையும் சொல்ல வேண்டும். கவுண்டமணி-செந்தில் காட்சிகளில் அடிப்பவர் யார், அடிவாங்குபவர் யார் என்பது கடைசிவரை மாறாது; மாறாமல் இருப்பதில்தான் சிரிப்பே. கதை தனியாக ஓட, அந்த இருவர் தனியாக ஓடலாம். ஜோடி போலீஸ் படத்தில் அது நடக்காது. இருவருக்கு இடையிலான கணக்கு ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சமாவது நகர வேண்டும். ஏனென்றால் அந்தக் கணக்குதான் கதை. வில்லனைப் பிடிப்பது அதற்கு ஒரு சாக்கு.

எழுதும்போது நேரக் கணக்கு முக்கியம். ஹாலிவுட் முறையில் திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம். 110 நிமிடப் படம் என்றால், இருவரும் தனித்தனியாக வேலை செய்வதை முதல் 15, 20 நிமிடத்துக்குள் காட்டிவிட வேண்டும். இந்த அறிமுகத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஒருவன் வீடு அலங்கோலம், இன்னொருவன் சட்டைக்கு இஸ்திரி என்று பழக்கவழக்கங்களைக் காட்டி நேரத்தைச் செலவழிக்கிறார்கள். காட்ட வேண்டியது வேலையை. 'லெத்தல் வெப்பன்' கிறிஸ்துமஸ் மரக் கடையில் போதைமருந்துக்காரர்களிடம் ரிக்ஸ் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டுகிறது. மர்ட்டாவை ஒரு பிணத்தின் முன் நிதானமாக நிறுத்துகிறது. ஜோடி சேரும் தருணத்திலேயே ஒரு தவறான புரிதலும் இருக்கிறது: நிலையத்துக்குள் துப்பாக்கியோடு நிற்கும் ரிக்ஸைக் குற்றவாளி என்று நினைத்து மர்ட்டா பாய்கிறார். பிறகு துப்பாக்கிகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ரிக்ஸிடம் 9 மில்லிமீட்டர் பெரெட்டா, மேகசினில் 15 குண்டு, குழலில் ஏற்றித் தயாராக இன்னொன்று. மர்ட்டாவிடம் ஆறு குண்டு ரிவால்வர். பதினாறும் ஆறும்: இருவரின் வயது, தலைமுறை, நிதானம் மூன்றும் இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. திரைக்கதை எழுதிய ஷேன் பிளாக்கின் பலம் இது. குணத்தை விளக்காமல் கையிலிருக்கும் கருவியில் ஏற்றிவிடுவார்.

முதல் கூட்டு முயற்சி தோற்க வேண்டும். ஆனால் இருவர் மீதும் பழி இருக்க வேண்டும். கலகலப்புக்காரன் மட்டும் கெடுத்தால் அவன் கோமாளி ஆகிவிடுவான், மற்றவர் வெறும் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். நடுப்பகுதியில் ஒருவரின் வழி மற்றவருக்குப் பயன்படும் ஒரு வெற்றி. 75-ஆவது நிமிடம் வாக்கில் பிரிவு; பேட்ஜைப் பிடுங்குவது, வழக்கிலிருந்து நீக்குவது எல்லாம் இங்கே வரும். இந்தப் பிரிவு வெளியிலிருந்து திணிக்கப்பட்டால் சப்பென்றிருக்கும். ஒருவர் மற்றவரிடம் மறைத்த உண்மை வெடித்து அதனால் பிரிந்தால்தான் வலிக்கும். கிளைமாக்ஸில் இருவரும் அடுத்தவரின் முறையைக் கையில் எடுக்க வேண்டும். மர்ட்டாவின் வீட்டுப் புல்வெளியில், சுற்றிலும் போலீஸ் நிற்க, ரிக்ஸையும் வில்லனின் அடியாளையும் தனியே மோதவிடச் சொல்வது யார்? விதிமுறை தவறாத மர்ட்டாதான். அதற்கு நேர் எதிராக, தனக்கென்று வைத்திருந்த ஒற்றைத் தோட்டாவை ரிக்ஸ் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்துவிட்டு வாழ முடிவெடுக்கிறான். ஆளுக்கொரு அடி எதிர்ப்பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அவ்வளவு போதும், முழுவதும் மாறினால் நம்ப முடியாது.

நடிகர் தேர்வு இந்த வகையில் திரைக்கதையையே திருப்பி எழுதவைக்கும். 'பெவர்லி ஹில்ஸ் காப்' முதலில் சில்வெஸ்டர் ஸ்டாலோனுக்குப் போனது. அவர் அதை முழு ஆக்‌ஷனாக மாற்றப் பார்த்து விலகினார். அந்த எண்ணங்கள் 1986-இல் 'கோப்ரா'வில் போய்ச் சேர்ந்தன. எடி மர்ஃபி வந்ததும் 1984-இல் அது காமெடியாயிற்று. 'பேட் பாய்ஸ்' டேனா கார்வி, ஜான் லோவிட்ஸ் என்ற இரு நகைச்சுவை நடிகர்களுக்காகத் திட்டமிடப்பட்டு, கடைசியில் 1995-இல் வில் ஸ்மித்தையும் மார்ட்டின் லாரன்ஸையும் வைத்து மைக்கேல் பே இயக்கத்தில் வந்தது. இரண்டு பேருக்கும் பேச்சின் வேகம் ஒன்றாக இருந்தால் வசனம் இரைச்சலாகிவிடும். ஒருவர் வேகம், ஒருவர் மௌனம் என்பது பாதுகாப்பான சேர்க்கை. 1998-இல் வந்த 'ரஷ் ஹவர்' இதை எல்லைவரை கொண்டுபோனது: கார்ட்டராக வரும் கிறிஸ் டக்கர் நிறுத்தாமல் பேசுகிறார், லீயாக வரும் ஜாக்கி சான் உடம்பால் பதில் சொல்கிறார். ஹாங்காங் அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்து கார்ட்டர் கத்திக் கத்திப் பேச, லீ அமைதியாகப் பேசவிட்டு வேடிக்கை பார்க்கும் அறிமுகக் காட்சியில், பேசாதவர்தான் புத்திசாலி என்பது உடனே நிலைபெற்றுவிடுகிறது.

அந்தப் படத்தின் தொடக்கப் பொறியையும் கவனிக்க வேண்டும். கார்ட்டருக்குக் கொடுத்த வேலை லீயோடு சேர்ந்து துப்புத் துலக்குவது அல்ல. விசாரணைப் பக்கமே வராமல் அவரை அலைக்கழிப்பது. எஃப்பிஐ இருவரையும் வேண்டாதவர்களாகவே நடத்துகிறது. ஒதுக்கப்பட்ட இருவர் என்பது தெரிந்த நொடியில் அவர்கள் ஒரே பக்கம் வந்துவிடுகிறார்கள். நட்பை இவ்வளவு சிக்கனமாக நியாயப்படுத்திய வேறு வழி குறைவு.

இனி படப்பிடிப்பு. வாக்குவாதக் காட்சிகளில் நடிகர்கள் எழுதியதற்கு மேலே சொந்தமாகச் சேர்ப்பார்கள். ஒரே கேமராவில் முதலில் ஒருவரையும் பிறகு மற்றவரையும் எடுத்தால், முதல் டேக்கில் பிறந்த பதில் இரண்டாவதில் பொருந்தாது. எடிட்டிங் மேஜையில் கை ஒரு ஷாட்டில் மேலே, அடுத்ததில் கீழே. அதனால் இருவரையும் எதிரெதிரே இரண்டு கேமராவில் ஒரே நேரத்தில் பிடிப்பது நல்லது. இதற்கு விலை ஒளியமைப்பு: இரு பக்கமும் சமாளிக்கும்படி வெளிச்சம் வைக்கவேண்டியிருப்பதால் படம் சற்றுத் தட்டையாகத் தெரியும். ஒளிப்பதிவாளர் முணுமுணுப்பார், ஆனாலும் காமெடிக்கு இதுதான் சரி. இன்னொன்று, இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்த டூ ஷாட்டைக் கட்டாயம் எடுத்து வைக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தில் நடப்பதுதான் பாதிச் சிரிப்பு. குளோஸ்-அப்பாக வெட்டிக்கொண்டே போனால் அது காணாமல் போகும்.

காருக்குள் நடக்கும் சண்டைகளுக்கென்று தனிச் சிக்கல். ஓட்டிக்கொண்டே வசனம் பேசுவது ஆபத்து என்பதால் தாழ்வான டிரெய்லர் மேல் காரை ஏற்றி இழுப்பார்கள். அல்லது காரின் கூரைமேல் கூண்டு கட்டி, அதில் ஸ்டண்ட் ஓட்டுநர் உட்கார்ந்து உண்மையான ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இப்போது எல்இடி திரைகளுக்கு நடுவே நிறுத்திய காரிலும் எடுக்கிறார்கள். மூன்றிலும் நடிகர் செய்யும் வழக்கமான தவறு ஒன்று: ரோட்டைப் பார்க்காமல் பக்கத்து ஆளைப் பார்த்தே பத்து வினாடி பேசிவிடுவார். பார்வையாளரின் மனம் வசனத்தை விட்டுவிட்டு 'முன்னால பாருய்யா' என்று ரோட்டுக்குப் போய்விடும். பேச்சுக்கு நடுவே இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை கண் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கட்டாயமே நல்ல டைமிங்கைக் கொடுக்கும். திரும்பிப் பார்க்க முடியாத நொடியில் வாங்கும் கவுன்ட்டருக்குத் தனி மதிப்பு உண்டு.

சண்டையில் சிரிப்பு வருவதற்கு ஹாங்காங் படங்கள் வகுத்த இலக்கணம் இன்னும் முந்தியே நிற்கிறது. அடிப்பவர், வாங்குபவர், நடுவில் இருக்கும் பொருள் மூன்றும் ஒரே அகன்ற ஷாட்டில் தெரிய வேண்டும். வெட்ட நேர்ந்தால், அடி விழும் கணத்தை அடுத்த ஷாட்டில் இரண்டு மூன்று ஃப்ரேம் பின்னாலிருந்து தொடங்குவார்கள். கண் கவனிக்காது, மனம் அடியை இருமடங்காக உணரும். சில இடங்களில் வினாடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 22-இல் படம்பிடித்து, வேகத்தை ஒன்பது சதவீதம் ஏற்றுவார்கள். அதைத் தாண்டினால் பழைய ஊமைப்படம் போல் துள்ளும். கேமராவை ஆட்டி, வினாடிக்கு மூன்று வெட்டு வெட்டினால் பரபரப்பு கிடைக்கும். ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியாது. இடம் தெரியாத இடத்தில் சிரிப்பு பிறக்காது.

'ரஷ் ஹவர்' கிளைமாக்ஸில் கலைப்பொருள் கண்காட்சிக்கு நடுவே சண்டை. லீயைச் சுற்றி எதிரிகள். அவருக்கோ பெரிய ஜாடி விழுந்து உடையக் கூடாது. ஒரு கையால் தாங்கிக்கொண்டு, காலால் அடித்துக்கொண்டு, திரும்ப நேராக நிறுத்தி... அடிப்பதைவிடக் காப்பாற்றுவது கடினம் என்று காட்டியதில் காட்சி எழுந்து நிற்கிறது. சண்டைக்கு ஒரு நிபந்தனை போடுவதுதான் இதிலுள்ள நுட்பம். ஜோடிப் படத்தில் அந்த நிபந்தனையாக அடுத்த ஆளே இருக்க முடியும்: ஒரே விலங்கில் பூட்டப்பட்ட இருவர், ஒரே துப்பாக்கிக்கு இருவர், ஒருவர் ஓடச் சொல்ல மற்றவர் நிற்கச் சொல்வது. ஸ்டண்ட் மாஸ்டரிடம் போகும் முன்பே எழுத்தாளர் இதை முடிவு செய்திருக்க வேண்டும். 'இருவரும் ரவுடிகளோடு மோதுகிறார்கள்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், ஆளுக்கு நாலு பேரைப் பிரித்துக் கொடுத்துத் தனித்தனியாகச் சண்டை போடவைப்பதைத் தவிர மாஸ்டருக்கு வழியில்லை.

1992-இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி 3: சூப்பர்காப்' இன்னொரு பாடம். ஹாங்காங் அதிகாரியாக ஜாக்கி சான், சீனப் பெருநிலத்து அதிகாரியாக மிஷெல் யோ. ஓடும் ரயிலின் மேல் மோட்டார் சைக்கிளோடு மிஷெல் யோ பாய்ந்து இறங்கியதும், கோலாலம்பூருக்கு மேலே ஹெலிகாப்டரின் கயிற்று ஏணியில் ஜாக்கி தொங்கியதும் அதே படத்தில். ஜோடியில் ஒருவர் மட்டுமே சாகசம் செய்து மற்றவர் அலறிக்கொண்டிருக்கும் பழக்கத்தை இது உடைத்தது. பெண் ஜோடியை வைத்து 2013-இல் 'தி ஹீட்' வந்தபோதும் அடிப்படை அதேதான்: சட்டப் புத்தகத்தைப் பிடித்துத் தொங்கும் எஃப்பிஐ அதிகாரியும் தன் பேட்டையின் ஒவ்வொரு சந்தையும் அறிந்த பாஸ்டன் போலீஸும்.

அபாயத்தின் கணக்கு தெரிந்தால் இந்தக் காட்சிகளை மரியாதையோடு பார்ப்போம். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழ எடுக்கும் நேரம் 1.4 வினாடி, தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். 20 மீட்டரில் அது 71. விழுபவர் முதுகு படும்படி ஏர்பேக்கின் நடுவில் இறங்க வேண்டும். காலில் இறங்கினால் முழங்கால் முகத்தில் மோதும். இருவர் சேர்ந்து குதிக்கும்போது ஒருவர் முந்தி இறங்கி, பை அமுங்கித் துள்ளும் நேரத்தில் மற்றவர் வந்து சேர்ந்தால் இருவருக்குமே ஆபத்து. 'லெத்தல் வெப்பன்' படத்தில் பணியாற்றிய டார் ராபின்சன் என்ற புகழ்பெற்ற ஸ்டண்ட் கலைஞர் 1986-இல் வேறொரு படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். படம் அவருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

கார் உருள்வதற்கு ஒரு பக்கச் சக்கரங்களைச் சாய்வான குழாய்மேல் ஏற்றுவார்கள், அல்லது காரின் அடியில் நைட்ரஜன் அழுத்தத்தில் இயங்கும் உருளையை வைத்துத் தரையை உதைக்கவைப்பார்கள். உள்ளே எஃகுக் கூண்டு, ஐந்து முனை பெல்ட், பெரிய டாங்குக்குப் பதில் சில லிட்டர் மட்டும் கொள்ளும் பாதுகாப்பான எரிபொருள் கலம். ஒரே தோற்றத்தில் மூன்று நான்கு கார் தயார் செய்தால்தான் ஒரு துரத்தல் முடியும். வசனக் காட்சி ஒரு நாளில் நான்கைந்து பக்கம் நகரும். இதுபோன்ற ஆக்‌ஷன் நாளில் ஒரு பக்கத்தின் எட்டில் ஒரு பங்கு முடிந்தாலே பெரிது.

துப்பாக்கி விஷயத்தில் இந்த வகைக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. காரணம், ஜோடிகள் ஒருவரையொருவர் விளையாட்டாகக் குறிவைக்கும் காட்சிகள் இதில் சாதாரணம். பிளாங்க் தோட்டாவில் ஈயக் குண்டு இல்லை என்றாலும் துப்பாக்கிக் குழலின் வாயிலிருந்து சூடான வாயுவும் அடைப்பும் சீறி வரும். 1984-இல் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் தொடர் ஒன்றின் படப்பிடிப்பில் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். 1993-இல் பிராண்டன் லீ இறந்ததற்குக் காரணம், டம்மித் தோட்டாவின் முனை குழலில் சிக்கியிருந்ததும், பின்னர் பிளாங்க் வெடித்தபோது அது வெளியே பாய்ந்ததும். 2021-இல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸைக் கொன்றது படப்பிடிப்பிடத்துக்கு வந்தேயிருக்கக் கூடாத நிஜத் தோட்டா. ஆளை நேராகக் குறிவைக்காமல் சற்று விலக்கிப் பிடித்து, கேமரா கோணத்தால் நேராகக் காட்டுவது பழைய வழி. சுடாத போலித் துப்பாக்கியை வைத்துவிட்டு நெருப்பைக் கிராஃபிக்ஸில் சேர்ப்பது இன்றைய வழி. காமெடி ஜோடிக்கு இரண்டாவதுதான் ஏற்றது. இன்னொரு காரணமும் உண்டு: சட்டைக்கடியில் ரத்தப் பையோடு வெடிக்கும் ஸ்குவிப் வைத்துவிட்டால் ஒவ்வொரு டேக்குக்கும் புதுச் சட்டை, மறுபடி அரைமணி நேரத் தயாரிப்பு. நடிகர் சொந்தமாக ஒரு வரி சேர்த்துப் பார்க்கும் சுதந்திரம் அங்கே செத்துப்போகும். பேச்சை முதலில் எடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் வெடிக்கவைப்பவர்களே விவரமானவர்கள்.

எடிட்டிங்கில் பிழைக்கும் இடம் வினாடியின் பின்னங்களில் இருக்கிறது. நல்ல வரிக்குப் பிறகு எதிராளியின் முகத்தில் 12 ஃப்ரேம், அதாவது அரை வினாடி, கூடுதலாக நிற்கலாமா கூடாதா என்பதில்தான் சிரிப்பு பலிக்கிறது அல்லது பாழாகிறது. சோதனைக் காட்சிகளில் பார்வையாளர் சிரிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது என்று பார்த்து, அடுத்த வசனம் அதில் மூழ்காதபடி இடைவெளி விடுவார்கள். ஒரே ஜோக்குக்கு மூன்று நான்கு மாற்று வரிகளை எடுத்து வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும். பின்னணி இசை 'இது காமெடி' என்று முன்கூட்டியே அறிவித்தால் எல்லாம் வீண். ஆபத்துக்கு ஆபத்தின் இசையே இருக்கட்டும்.

இந்த வகைப் படம் எங்கே சரிகிறது என்று பார்த்தால், முதல் குற்றவாளி பெரும்பாலும் வில்லன். வில்லனையும் காமெடியாக்கிவிட்டால் ஜோடிக்குச் சேர வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அடுத்தது, நேரான ஆளை, அதாவது ஜோடியில் சீரியஸானவரை, எழுதாமல் விடுவது. கலகலப்பானவருக்கு வரிகள் குவிய, மற்றவர் பெருமூச்சு விடுவதற்கே நடிக்கிறார். டேனி குளோவரின் மர்ட்டா நிலைத்ததற்குக் காரணம், அவருக்கு இழக்க ஒரு வீடும் பயப்பட ஒரு வயதும் இருந்தன. மூன்றாவது, சமாதானம் சீக்கிரம் வந்துவிடுவது. 50-ஆவது நிமிடத்தில் இருவரும் நண்பர்களாகிவிட்டால் மீதி ஒரு மணி நேரத்தைக் குண்டுவெடிப்பால் நிரப்ப வேண்டியதுதான்.

போலீஸ் அத்துமீறலைச் சிரிப்பாக்குவது பற்றியும் நேராகப் பேச வேண்டும். சந்தேக நபரைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, வாரன்ட் இல்லாமல் கதவை உடைப்பது எல்லாம் இந்த வகையில் கைதட்டல் வாங்கும் காட்சிகள். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு அந்தக் கைதட்டல் முன்பு போல் எழுவதில்லை; எழவும் கூடாது என்பதே இங்கே நிலைப்பாடு. விதியைக் காப்பதையே காமெடியாக்க முடியும் என்று 2007-இல் எட்கர் ரைட்டின் 'ஹாட் ஃபஸ்' காட்டியிருக்கிறது. லண்டனில் மற்றவர்களைவிட 400 சதவீதம் அதிகமாகக் கைது செய்து எல்லோரையும் சங்கடப்படுத்திய ஏஞ்சலைக் கிராமத்துக்குத் தூக்கியடிக்கிறார்கள். அங்கே கிடைக்கும் ஜோடி டேனி, திரைப்படப் போலீஸையே நிஜமென்று நம்பும் அப்பாவி. துரத்தலைப் போலவே படிவம் நிரப்புவதையும் அதிவேக வெட்டுகளில் காட்டியது அந்தப் படம். முன்பாதியில் வேடிக்கையாக நட்ட ஒவ்வொன்றும், வேலி தாண்டுவது உட்பட, பின்பாதியில் ஆயுதமாகத் திரும்பி வருகிறது.

கடைசியாக, இரண்டாம் பாகம். முதல் படத்தின் முடிவில் இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள். கதையின் எரிபொருள் தீர்ந்துவிட்டது. மறுபடி சண்டை போடவைத்தால் முதல் படமே பொய்யாகிவிடும். 2001-இல் 'ரஷ் ஹவர் 2' இடத்தை மாற்றியது: இப்போது ஹாங்காங்கில் கார்ட்டர்தான் மொழி தெரியாத அந்நியர். 1989-இல் 'லெத்தல் வெப்பன் 2' மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தது. ஜோ பெஸ்கி நடித்த லியோ கெட்ஸ், வாய் ஓயாத கணக்காளர். சாட்சியாக அவரைக் காக்க வேண்டிய கட்டாயம். எதிரெதிராக நின்ற இருவரும் இப்போது ஒரே பக்கம் நின்று ஒரே ஆளிடம் பொறுமை இழக்கிறார்கள். ஆனால் எரிச்சலைக் காட்டும் விதம் மட்டும் ரிக்ஸுக்கு ஒன்று, மர்ட்டாவுக்கு வேறொன்று. அந்த வித்தியாசத்தை வைத்தே அந்தத் தொடர் மேலும் இரண்டு பாகங்கள் ஓடி 1998 வரை வந்தது.